முப்பத்து மூன்று கோடிச் சொச்சம்

ஜூன் 2, ஞாயிறு

கிருபாவுக்கு விசா வந்துவிட்டது. இருபத்திரண்டாம் தேதி இங்கிருந்து ரயில், மறுநாள் சென்னையில் விமானம். மகன் ஜெபராஜ் டொரன்டோவில் அவளுக்கென்று தனி அறை ஒதுக்கி, குளிருக்குக் கம்பளி முதற்கொண்டு வாங்கி வைத்துவிட்டானாம். இனிமேல் அவளுக்கு அதுதான் ஊர். இங்கே வீட்டையும் விற்றாகிவிட்டது. வாங்கியவர்கள் மாதக் கடைசியில் குடிவருகிறார்கள்.

நல்ல விஷயம். அறுபத்தைந்து வயதில், கணவரும் போன பிறகு, ஒரு பெண்பிள்ளை தனியாக எத்தனை நாள் காலம் தள்ளுவாள்? போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் பலமான அடி. எனக்கு இதில் நிம்மதிதான். நானும் அறுபத்தைந்துதான், நானும் தனிதான், கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஆனால் நான் வழுக்கி விழுகிற ரகம் இல்லை.

டெலிபோன் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றதோடு டைரி எழுதுவதை விட்டிருந்தேன். மருந்துக் கடையில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி சும்மா கிடக்கிறதே என்று இன்று எடுத்தேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

அவள் வீடு இரண்டு தெரு தள்ளி. சாயங்காலம் போய், பெட்டியில் எது போகும், எது போகாது என்று பேசிவிட்டு வந்தேன்.

ஜூன் 4, செவ்வாய்

பெட்டி ஒன்றுக்கு இருபத்து மூன்று கிலோவாம். இரண்டு பெட்டி. கிருபா எதைக் கேட்டாலும் "சரி" என்கிறாள். ஊறுகாய் வேண்டாமா? சரி. வடகம்? சரி. கருப்பட்டி மட்டும் கொஞ்சம் வைக்கலாமா என்று கேட்டாள். அவள் உடன்குடிக்காரி, கருப்பட்டி இல்லாமல் அவளுக்குக் காப்பி இறங்காது. வைத்து எடை பார்த்தேன், கூடிவிட்டது. எல்லாவற்றையும் எடுத்து மறுபடி அடுக்கினேன். மறுபடியும் கூடிவிட்டது.

"நாளைக்குப் பாப்போம் வடிவு, என்ன அவசரம்" என்றாள்.

"அவசரம் இல்லாம? நாள் கிடக்கா?" என்று சத்தம் போட்டேன். அதற்கும் சரி என்றாள்.

என்னுடைய எடைக் கருவி சரியில்லை என்று நினைக்கிறேன். நாளை வேறொன்று வாங்க வேண்டும்.

ஜூன் 7, வெள்ளி

காலையில் தண்ணீர் வரவில்லை. மோட்டார் பழுது. எலக்ட்ரீஷியன் வருகிறேன் என்றான், வரவில்லை.

ஜெபராஜ் போன் செய்தான். "சித்தி, நீங்க இருக்கதாலதான் நான் அங்க வராமலே எல்லாம் முடியுது" என்றான். நல்ல பிள்ளை, அம்மாவின் தோழியைச் சித்தி என்றுதான் கூப்பிடுவான். ஜனவரியில் இந்தப் பேச்சு தொடங்கும்போதே அவன் முதலில் என்னிடம்தான் கேட்டான். அம்மாவைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றிருக்கிறேன், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்றான். கூட்டிக்கொண்டு போ, அதுதான் நல்லது என்றேன். பெற்ற மகன் கேட்கிறான். வேறு என்ன சொல்வது? எனக்கு அதில் என்ன பாத்தியதை?

அன்றைக்கு எனக்குத் தலைவலி இருந்தது என்று ஞாபகம்.

ஜூன் 9, ஞாயிறு

ஹாஸ்டல் தோழிகளின் வாட்ஸாப் குழுவில் காலையிலிருந்து ஒரே அமளி. கிருபாவுக்கு வழியனுப்பு விருந்தாம், பதினைந்தாம் தேதி ஜங்ஷன் பக்கத்து ஓட்டலில். தூத்துக்குடியிலிருந்து ராஜம்மாள் எழுதியிருந்தாள்: "கேக்குக்கு மேல நம்ம முக்கோடிய எழுதச் சொல்லுவமா?" அவ்வளவுதான். ஆளாளுக்குக் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மைகளைப் போட்டுத் தள்ளிவிட்டார்கள்.

நாள் முழுக்க அந்த நினைப்பாகவே இருந்தது. எழுதி வைக்கிறேன்.

1979. பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. கணிதம் மூன்றாம் வருஷம். ஒரு நாள் வகுப்பு முடியும் நேரத்தில் டீச்சர் போர்டில் 31, 331, 3331 என்று எழுதினார். மூன்றும் பகா எண்கள். ஒன்றும் அந்த எண்ணும் தவிர வேறெதுவும் அதை மீதியில்லாமல் வகுக்காது. "இன்னும் ஒரு மூணு சேத்துப் பாருங்க" என்றுவிட்டு சாக்பீஸ் கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். 33331 பார்த்தோம், பகா எண். 333331, பகா எண். 3333331, அதுவும் பகா எண். முன்னால் ஒரு மூன்றைச் சேர்க்கச் சேர்க்க உடையாமல் நிற்கிறது. எங்களுக்குப் பித்துப் பிடித்துவிட்டது.

ஒரு எண் பகா எண்ணா என்று பார்க்க, அதன் வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். கால்குலேட்டரை நாங்கள் படத்தில்தான் பார்த்திருந்தோம். 33333331 என்றால் ஐயாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் வரைக்கும் போக வேண்டும். சாயங்காலக் காப்பி முடிந்ததும் மெஸ் மேஜையைத் துடைத்துவிட்டு உட்காருவோம். லைப்ரரியில் பகா எண் அட்டவணை ஒன்று இருந்தது. அதை ஆளுக்கு ஒரு பத்தியாகப் பிரித்துக்கொண்டோம். பழைய கேள்வித்தாள்களின் பின்பக்கத்தில் வகுத்து, பக்கத்தில் இருப்பவளிடம் தள்ளினால் அவள் பெருக்கிச் சரிபார்ப்பாள். வகுப்பவளும் சரிபார்ப்பவளும் ஒரு ஜோடி.

நான் முதல் நாள் பிந்திப் போனேன். கிருபாவின் பக்கத்தில்தான் இடம் இருந்தது. அதுவரை அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் முதல் ராங்க், தலைக்கனமும் உண்டு. அவள் வாயே திறக்காதவள்.

33333331 உடையவில்லை. வார்டனிடம் கெஞ்சிப் பாயசம் வைக்கச் சொன்னோம்.

ஜூன் 10, திங்கள்

நேற்று விட்ட இடத்திலிருந்து.

அடுத்தது 333333331. முப்பத்து மூன்று கோடியே முப்பத்து மூன்று லட்சத்து முப்பத்து மூவாயிரத்து முந்நூற்று முப்பத்தொன்று. சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். முப்பத்து முக்கோடி தேவர்கள் கணக்குக்குள் வந்துவிட்டோம் என்று சொல்லி அதற்கு 'முக்கோடி' என்று பேர் வைத்தோம். தேவர்கள் அத்தனை பேரும் வந்தாலும் இதை வகுக்க முடியாது என்பது ஹாஸ்டல் முழக்கம்.

அங்கேதான் கோட்டை விட்டோம். "சின்ன நம்பரையெல்லாம் போன தடவையே பாத்தாச்சு, விட்ட இடத்துல இருந்து ஆரம்பிப்போம்" என்று யாரோ ஒருத்தி சொன்னாள். யார் சொன்னது என்று இன்றுவரை தகராறு. போன தடவை வகுத்தது வேறு எண்ணை. புது எண் என்றால் ஏழு, பதினொன்று, பதிமூன்று என்று அடியிலிருந்து மறுபடி பார்க்க வேண்டும். கணிதம் படிக்கிற பன்னிரண்டு பெண்களில் ஒருத்திக்கும் அது உறைக்கவில்லை. 5779இல் தொடங்கினோம். பதினெட்டாயிரத்துச் சொச்சம் வரைக்கும் போனோம். வாரக்கணக்கில் ஆயிற்று. மழைக்காலம் வந்து, மெஸ் ஓடு ஒழுகி, மேஜையை இழுத்து இழுத்துப் போட்டு வகுத்தோம். எத்தனை சந்தோஷமாக இருந்தோம்! கிருபா கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தாள். சரிபார்க்கும்போது மெல்லிய குரலில் பாடுவாள். அவள் ஊரிலிருந்து வரும் கருப்பட்டியை உடைத்து மேஜைக்கு அடியில் என் கையில் தருவாள். காப்பிக்கு மணி அடிக்காதா என்று நான் மத்தியானத்திலிருந்தே காத்திருப்பேன். அதற்கு முன்னாலும் பின்னாலும் எனக்கு அப்படி ஒரு காலம் வாய்த்ததில்லை.

எதுவும் வகுக்கவில்லை. கணிதச் சங்கத்து விழாவில் நான் மேடையேறி, முக்கோடி ஒரு பகா எண் என்று அறிவித்தேன். சிறப்பு விருந்தினராக வேறு கல்லூரியிலிருந்து வந்த வயதான பேராசிரியை சிரித்துக்கொண்டே எழுந்து சாக்பீஸை எடுத்தார். பதினேழு. முப்பத்து மூன்றில் ஒரு தடவை, மீதி பதினாறு. நூற்று அறுபத்து மூன்றில் ஒன்பது தடவை. கடகடவென்று இறங்கிக்கொண்டே போனார். கடைசியில் ஐம்பத்தொன்று நின்றது. மும்முறை பதினேழு ஐம்பத்தொன்று. மீதி பூஜ்யம்.

அரங்கமே சிரித்தது. எங்கள் காலத்து வாய்ப்பாடு பதினாறோடு முடிந்துவிடும், பதினேழோடு எங்களுக்குப் பழக்கமில்லை என்று பிற்பாடு சமாதானம் சொல்லிக்கொண்டோம். நான் அழுதுகொண்டே படுத்துவிட்டேன். மெஸ்ஸுக்கே போகவில்லை. கிருபாதான் பன்னை டீயில் நனைத்து ஊட்டினாள். பிறகு அவள் பள்ளிக்கூட வாத்தியாராகி, கல்யாணமாகி, எங்கெங்கோ மாற்றலாகி, கடைசியில் நான் இருக்கிற பேட்டையிலேயே வீடு பார்த்து வந்தாள். எல்லாம் அந்தப் பன்னில் ஆரம்பித்தது.

ஜூன் 12, புதன்

புது எடைக் கருவியிலும் கூடுகிறது.

ஜூன் 15, சனி

விருந்து முடிந்தது. பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் வந்திருந்தோம். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி, சர்க்கரை மாத்திரையோடு ஒருத்தி. பார்த்த ஐந்தாவது நிமிஷம் எல்லாருக்கும் இருபது வயதாகிவிட்டது.

பேக்கரிக்காரன் கேக்கில் ஒரு மூன்றைக் குறைத்துவிட்டான். 33333331 என்று இருந்தது. "இது வகுபடாதுட்டி, எப்படி வெட்ட?" என்றாள் ராஜம்மாள். வகுபடாத கேக்கை எட்டாக வெட்டித் தின்றோம். பிறகு ராஜம்மாள் கையில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பேராசிரியையைப் போல நடித்துக் காட்டினாள். நான்கூட வயிறு வலிக்கச் சிரித்தேன். நாற்பத்தைந்து வருஷம் ஆன பிறகு அழுகையா வரும்?

கிருபா மட்டும் சிரிக்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரை விட்டுப் போகிற வருத்தம் என்று நினைத்தேன்.

ஆட்டோவில் அவளை வீட்டில் விட்டேன். கேட்டைப் பிடித்தபடி நின்றாள்.

"வடிவு, போகுறதுக்கு முன்ன ஒண்ணு சொல்லிருதேன். அந்தப் பதினேழு எனக்கு மொத நாளே தெரியும்."

"எந்தப் பதினேழு?"

"முக்கோடிக்குள்ள இருக்க பதினேழு. புது நம்பருதான, அடியில இருந்து பாப்போமேன்னு ஏழு, பதினொண்ணு, பதிமூணுன்னு பாத்தேன். பதினேழுல முடிஞ்சு போச்சு. காப்பி டம்ளர்கூட ஆறல."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பின்ன ஏன் சொல்லல?"

"சொன்னா எல்லாரும் எந்திரிச்சுப் போயிருவீங்க. நீயும் போயிருவ."

"நான் மேடையில ஏறுறப்பவுமா சொல்லக்கூடாது?"

"நீ அதை மேடையில சொல்லப்போறன்னு எனக்கு அன்னைக்குக் காலையிலதான் தெரியும். சொல்லத்தான் வந்தேன். நீ பட்டுச் சேல கட்டி, தல நெறையப் பூ வச்சு நின்ன. வாய் வரலட்டி."

"நல்லபடியா போய்ட்டு வா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். 

ஜூன் 16, ஞாயிறு

போகவில்லை. பெட்டியை அவளே கட்டிக்கொள்ளட்டும். பக்கம் பக்கமாக வகுத்தோமே, விரல் நுனி மசி ஏறிக் கறுத்துப் போனதே, அத்தனையும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு, என் கணக்கை வாங்கிச் சரிபார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். எல்லாம் வீண் என்று தெரிந்தே பாடிக்கொண்டு இருந்திருக்கிறாள்!

ஊமை மாதிரி இருக்கிறவர்களை நம்பக்கூடாது.

ஜூன் 17, திங்கள்

போகவில்லை. அவளும் போன் செய்யவில்லை. எலக்ட்ரீஷியன் வந்தான். மோட்டார் ஓடுகிறது.

ஜூன் 18, செவ்வாய்

பொழுது போகாமல் கம்ப்யூட்டரைத் திறந்தேன். எந்த எண்ணைக் கொடுத்தாலும் பகா எண்ணா, இல்லையா என்று கண் சிமிட்டும் நேரத்தில் சொல்லிவிடுகிறது. மழைக்காலம் முழுக்க உட்கார்ந்த வேலை. கொஞ்சம் ஆத்திரமாகத்தான் வந்தது.

முக்கோடிக்குப் பிறகு என்ன ஆகிறது என்று ஒவ்வொரு மூன்றாகச் சேர்த்துக்கொண்டே போனேன். பத்து இலக்கம், உடைகிறது. பதினொன்று, உடைகிறது. அதற்குப் பிறகும் வரிசையாக உடைகிறது. பதினேழு இலக்கம் வந்ததும் ஒரு வேடிக்கை. பதினாறு மூன்றும் ஒரு ஒன்றும். அதை வகுப்பது 31! வரிசையில் முதல் ஆளாக நின்ற அதே 31. காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். இந்த வரிசையை 31ஆல் வகுத்துக்கொண்டே போனால், பதினைந்து படிக்கு ஒரு தடவை அதே மீதி திரும்பி வந்துவிடுகிறது. அப்படியென்றால் இந்த வரிசை என்றைக்கும் உடையாமல் நிற்க முடியாது என்று வகுப்பிலேயே உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் நிரூபித்திருக்கலாம். எங்கள் டீச்சருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? சும்மா விட்டுப் பார்த்திருக்கிறார்.

போதும் என்று மூடப் போனேன். ஆனது ஆகட்டும் என்று இன்னொரு மூன்றைச் சேர்த்தேன். பதினெட்டு இலக்கம்: 333333333333333331.

பகா எண்.

எழுந்து நின்றுவிட்டேன். அத்தனை தடவை உடைந்த பிறகு, தன் பாட்டுக்கு மறுபடி வந்து நிற்கிறது. கிருபாவிடம் சொல்ல வேண்டும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கேட் வரைக்கும் போய்விட்டேன். அப்புறம்தான் எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்பது ஞாபகம் வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

இதை நான் வேறு யாரிடம் சொல்வது? தெருவில் ஒருவருக்கும் புரியாது. ஊரிலேயே ஒருவருக்கும் அக்கறை இல்லை.

உட்கார்ந்து யோசித்தேன். முதல் நாளே அவள் "பதினேழு வகுக்குது" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நான் எழுந்து போயிருப்பேன். அதில் சந்தேகமே இல்லை. அன்றைக்கு நான் அப்படிப்பட்டவள். அந்த மேஜைக்குத் திரும்பியே வந்திருக்க மாட்டேன், அவள் பேரைக்கூட இன்றைக்கு ஞாபகம் வைத்திருக்க மாட்டேன்.

ஜூன் 19, புதன்

சாயங்காலம் போனேன்.

வீட்டில் சாமான் ஒன்றுமில்லை. பேசினால் எதிரொலிக்கிறது. கிருபா தரையில் உட்கார்ந்து பெட்டிக்குக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள்.

"இரி, இரி. பதினெட்டு இலக்கத்துல பகா எண் வருது" என்றேன்.

"நம்ம வரிசையிலயா?"

"நம்ம வரிசையிலதான். நடுவுல எல்லாம் உடையுது. பதினெட்டுல மறுபடி வருது."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "எப்பிடிட்டி! யார் பாத்தா?" என்று கேட்டு, நான் சொல்லச் சொல்லத் தரையிலே விரலால் எழுதிப் பார்த்தாள். 31 திரும்ப வந்து வகுக்கிற கதையைச் சொன்னதும் கைதட்டினாள். சண்டை எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

 அவள் மறுபடி கயிற்றை எடுத்தாள். நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு மேஜையில் எதுவும் சொல்லாமல் இருந்தவள் இவள். இந்த ஆறு மாதமாக எல்லாவற்றுக்கும் சரி சரி என்றவளும் இவள்தான். 

"கிருபா, உனக்குப் போகணும்னு இருக்கா?"

கயிறு நின்றது. "என்னட்டி, இப்பப் போய்க் கேக்க?"

"இப்பதான் தோணுது. சொல்லு."

"போட்டோ கேட்டாங்க. ரத்தம் எடுத்தாங்க. பல்லு எத்தனன்னுகூட டாக்டர் பாத்தாரு. இத ஒருத்தரும் கேக்கல." கயிற்றைக் கீழே வைத்துவிட்டு, "நீயும் கேக்கல" என்றாள்.

"ஜெபா எங்கிட்ட கேட்டப்ப நான் வந்து..."

"தெரியும். கூட்டிட்டுப் போன்னு சொன்னியாம். அன்னைக்கே சொல்லிட்டான், 'வடிவு சித்தியே சொல்லிட்டாங்கம்மா'ன்னு. அப்புறம் நான் என்ன பேச? நான் விழுந்து கெடந்தப்ப நீ பட்ட பாடு எனக்குத் தெரியாதா? பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போனது, துணி அலசினது. உனக்கும் வயசாவுது. சரி, பாரமா இருக்கோம்னு நெனச்சுக்கிட்டேன்."

"பாரமா!" எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏ கோட்டி, பைத்தியமா உனக்கு? நீ போயிட்டா நான் யார்கிட்ட போய்ச் சத்தம் போடுவேன்? பெட்டி எடை கூடுது கூடுதுன்னு ஏன் தெனமும் பிரிச்சுப் பிரிச்சுக் கட்டுதேன்னு நெனச்ச? எனக்கு நீ போறது பிடிக்கல. ஜனவரியில இருந்தே பிடிக்கல. எங்கிட்ட வந்து இரு."

இதைச் சொல்லும்போது நான் அழுதுகொண்டிருந்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. கிருபா முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். அவள் முகமும் நனைந்துதான் இருந்தது.

"பேரனப் பாக்கணும்ட்டி. பெறந்ததுல இருந்து போன்லயே பாக்கேன். அது மட்டும் நெசமான ஆசை" என்றாள்.

"பாரு. ஆசை தீரப் பாத்துட்டு வா."

அங்கே காலை நேரம். அவளே போனை எடுத்தாள். இத்தனை வருஷத்தில் கிருபா இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "ஜெபா, நான் வாரேன். ஆனா திரும்பி வாரதுக்கும் டிக்கெட் போடு." அவன் என்னவோ சொன்னான். "தெரியும். வீட்ட வித்தாச்சு. அதுக்கென்ன?" என்று போனை என்னிடம் நீட்டினாள்.

"சித்தி, அம்மா எங்க இருப்பாங்க?"

"எங்கூட இருப்பா."

"நீங்கதான கூட்டிட்டுப் போகச் சொன்னீங்க?"

"சொன்னேன். சரிபாக்காமச் சொல்லிட்டேன். தப்பு என் மேலதான்யா."

அவனுக்கு வருத்தம் இருக்காதா? எத்தனை ஆசையாக அறையெல்லாம் தயார் செய்தான். கடைசியில், "நவம்பர்னா சரியா இருக்குமா சித்தி? அதுக்கு மேல அம்மா குளிரு தாங்க மாட்டாங்க" என்றான்.

ஜூன் 20, வியாழன்

ஒரு பெட்டி போதும் என்றாகிவிட்டது. இன்னொன்று என் வீட்டுக்கு வந்துவிட்டது. அவளுடைய தையல் மிஷினை வாங்கிப் போனவர்களிடம் போய்த் திருப்பிக் கேட்டேன். முறைத்தார்கள், ஆனால் கொடுத்துவிட்டார்கள்.

மாடி அறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன். குளியலறையில் சொரசொரப்பான கல் பதிக்க வேண்டும், பிடித்துக்கொள்ளக் கம்பியும் போட வேண்டும்.

ஜூன் 21, வெள்ளி

டவுனில் ஆனித் தேரோட்டம். போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். கூட்டத்தில் கிருபா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். ரொம்ப வெயில்.

ஜூன் 22, சனி

ஜங்ஷனில் வண்டி சரியான நேரத்துக்கு வந்துவிட்டது. ஒரு நாளாவது தாமதமாக வரக்கூடாதா? சென்னை வரைக்கும் துணைக்கு அவள் சித்தப்பா மகன் போகிறார். ஜன்னல் பக்கத்து இடம். தண்ணீர் பாட்டில், மாத்திரை, கழுத்துக்குத் தலையணை எல்லாம் எடுத்துக் கொடுத்தேன். மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று மூன்று தடவை சொன்னேன்.

"நவம்பர்ல ஸ்டேஷனுக்கு வந்துருவியா?" என்று கேட்டாள்.

"வராம எங்க போவேன்?"

"இல்ல, கேட்டுக்கிட்டேன். இனிமே எல்லாத்தையும் கேட்டுக்கிடணும்."

வண்டி நகர்ந்தது. ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டியபடியே போனாள். பிளாட்பாரம் முடிகிற வரைக்கும் நடந்தேன். முழங்கால் வலிக்கிறது.

வரும்போது ஆட்டோவில் அழுதுகொண்டே வந்தேன். பாதி வழி வந்ததும் டிரைவர் ஓரமாக நிறுத்திவிட்டார். ஜெபராஜ் வயதுதான் இருக்கும்.

"அழாதீங்கம்மா. ஊருக்குப் போனது யாரு, அக்காவா?"

"இல்ல."

"சொந்தக்காரவுகளா?"

"இல்லய்யா" என்றேன். "எங்கூட இருக்கவ."